படுகளத்தில் பகிரப்படும் துயர்: புறப்பாடல் மரபும் உத்திரமேரூர் வட்டாரப் பாரதக் கூத்தும்

ஆய்வுச்சுருக்கம்

போரில் மாண்டவருக்கான துயரைத் தமிழ்ப் புறமரபு உறவினர், உடன்போர் புரிந்தோர், ஊரார் ஆகிய மூவர்க்கும் உரிய பொதுச்செயலாக அமைத்துள்ளது. வீரத்தை மட்டுமே முன்னிறுத்தும் வாசிப்பு இவ்வமைப்பை மறைத்துவிட்டது. தொல்காப்பியக் காஞ்சித்திணைத் துறைகள், புறநானூற்றுப் பாடல்கள், நடுகற்கள், சோழர்காலக் கல்வெட்டுச் செய்தி ஆகியவற்றின் துணையுடன் அவ்வமைப்பை இக்கட்டுரை மீட்டுக் காட்டுகிறது. காஞ்சிபுரம் மாவட்ட ஊர்ப்புறங்களில் நிகழும் பாரதக் கூத்தின் படுகளமும் கர்ண மோட்சமும் அதன் உயிருள்ள தொடர்ச்சி என்று நிறுவுகிறது. இன்றைய படைவீரர் இறுதிச்சடங்கோடு அதனை ஒப்பிட்டு, மரபின் குறைகளையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கையறுநிலை, பூசல் மயக்கம், நடுகல், படுகளம், கர்ண மோட்சம், ஒப்பாரி, படைவீரர் குடும்பம்

முன்னுரை

உத்திரமேரூர் என்றவுடன் ஆய்வாளர் நினைவுக்கு வருவன வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921). குடும்புதோறும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஊர் கூடி ஒரு செயலை முறைப்படி நிறைவேற்றியதற்கு அவை சான்று. இதே வட்டாரத்தில் ஊர் கூடி முறைப்படி நிறைவேற்றும் வேறொரு செயலும் உண்டு. காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்களில் கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறுகிறது. அதன் இறுதிநாட் காலையில் மண்ணால் வனையப்பட்ட துரியோதனன் உருவம் கோயிலுக்கு முன் மல்லாந்து கிடக்கிறது. ஊரார் அதனைச் சூழ்ந்து நிற்க, மாண்ட மன்னனுக்கு ஒப்பாரி எழுகிறது.

இந்நிகழ்வு வழிபாடு, சடங்கு, நிகழ்த்துகலை என்னும் நோக்கில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரு தொகுதிகளும், ஹன்னே டி புரூயின் 1999இல் வெளியிட்ட கட்டைக்கூத்து பற்றிய நூலும் இவ்வகையில் முதன்மையானவை. போர்ச்சாவின் துயரை ஓர் ஊர் எவ்வாறு சேர்ந்து சுமக்கிறது என்னும் கேள்வியை இந்நிகழ்வின் முன் வைத்தால், அது சங்கப் புறமரபோடு கொண்டுள்ள உறவு புலப்படும். இராணுவத்திற்கும் துணைப்படைகளுக்கும் இளைஞர்களை அனுப்பும் ஊர்கள் தமிழகத்தில் இன்றும் பல. அவர்களுள் ஒருவர் மாண்டு திரும்பும்போது ஊர் என்ன செய்கிறது, அவரோடு பணியாற்றியோர் எங்கே நிற்கின்றனர் என்பன இலக்கிய ஆய்வுக்குப் புறம்பான கேள்விகள் அல்ல.

1. புறத்திணை காட்டும் துயரின் பங்காளிகள்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சியை நிலையாமை பற்றிய திணையாகக் கொண்டு, அதன்கண் போர்ச்சாவோடு தொடர்புடைய துறைகள் பலவற்றை வகுக்கிறது. இத்துறைகளை யார் அழுகின்றார் என்னும் அடிப்படையில் பகுத்து நோக்குதல் வேண்டும். கணவனை இழந்து சுரத்திடைத் தனித்து நிற்பவள் புலம்புவது முதுபாலை. மாண்டவனைச் சுற்றத்தார் சூழ்ந்து அரற்றும் கலக்கம் பூசல் மயக்கம். இறந்தாரை எண்ணி எஞ்சியோர் செயலற்றுப் புலம்புவது கையறுநிலை. கணவனை இழந்தாள் நோன்பிருக்கும் நிலை தாபதநிலை. ஒரே சாவு மனைவிக்கு ஒருவகையாகவும், சுற்றத்திற்கு வேறுவகையாகவும், சார்ந்து வாழ்ந்தோர்க்கு மற்றொருவகையாகவும் நேர்கிறது என்பதை இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. ஒருவரது துயர் மற்றவர் துயரை விலக்குவதில்லை.

பாடல்களும் இதனை உறுதிசெய்கின்றன. வன்பரணர் பாட்டில் (புறம். 255) வீழ்ந்த கணவனைத் தூக்க இயலாமல் தவிக்கும் பெண், தன் கையைப் பற்றிக்கொண்டு மலைச்சாரல் நிழல்வரை சிறிது நடந்து வருமாறு அவனை வேண்டுகிறாள். அங்கே அவளுக்கு உதவ எவரும் இல்லை. துணையின்மையே அப்பாடலின் கொடுமை. இதற்கு மறுதலையாக அமைவது அரிசில்கிழார் பாட்டு (புறம். 281). விழுப்புண் பட்டவனைக் காக்க ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். மனையில் வேப்பிலை செருகி, ஐயவி தூவி, யாழும் குழலும் இசைத்து, மணி ஒலித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பிக் காப்போம் என்கிறாள். புண்பட்டவன் அருகில் கூட்டமாக விழித்திருப்பதே அங்குச் சிகிச்சை. இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, துயரில் தனித்திருத்தலைப் புறமரபு ஓர் அவலமாகவும், கூடியிருத்தலை அதற்கான மாற்றாகவும் கண்டமை விளங்கும்.

அதியமான் நெடுமானஞ்சி வேல்பட்டு மாண்டபோது ஔவையார் பாடிய கையறுநிலை (புறம். 235), அவ்வேல் அவன் மார்பை மட்டும் துளைக்கவில்லை, பாணரின் உண்கலத்தையும் இரப்போர் கைகளையும் புலவர் நாவையும் துளைத்தது என்று கூறுகிறது. ஒருவன் சாவு எத்தனை பேர் வாழ்வில் இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் பாடல் அது. இழப்பைப் பங்கிட்டுக் கொள்வோரின் பட்டியலாகவே அதன் கட்டமைப்பு விளங்குகிறது.

படைத்தலைவனின் துயரையும் மரபு விட்டுவிடவில்லை. நெடுநல்வாடையில் அரசன் நள்ளிரவில் உறங்காமல் பாசறையில் சுற்றிவந்து புண்பட்ட வீரரைக் காண்கிறான். முல்லைப்பாட்டில் அரசன் புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் தனக்காக உயிர்நீத்த வீரரையும் எண்ணித் துயிலாதிருக்கிறான். இரு பாடல்களிலும் அரசி தொலைவில், அரண்மனையில், வேறொரு துயரில் உறங்காதிருக்கிறாள். பாசறையும் மனையும் ஒரே இரவில் விழித்திருக்கின்றன. ஆயினும் ஒன்றன் துயர் மற்றொன்றை எட்டவில்லை. படைவீரர் துயரும் குடும்பத்தின் துயரும் தனித்தனியே கிடக்கும் நிலையைச் சங்கப் புலவர் இவ்வளவு நுட்பமாகக் கண்டிருந்தும், இவ்விரு பாடல்களும் பெரும்பாலும் தலைவியின் பிரிவு நோக்கிலேயே கற்பிக்கப்பட்டு வருகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் மேடைப்பேச்சும் பாடநூல்களும் புறநானூற்றிலிருந்து பெரிதும் எடுத்தாண்டவை மறக்குடித் தாயரின் பாடல்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டில் (புறம். 278) முதிய தாய் பிணங்களைப் புரட்டிப் பார்த்து, மகன் உடல் சிதைந்து கிடப்பதைக் கண்டு, ஈன்ற நாளினும் பெரிது உவந்தாள் என்பது வீரத்தாயின் இலக்கணமாயிற்று. அப்பாட்டை முழுமையாகப் படிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. மகன் புறமுதுகிட்டான் என்று பலர் கூறிய சொல்லே அவளைக் களத்திற்குத் துரத்துகிறது. ஊரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி, வாளேந்தி, தனியாளாகப் பிணக்குவியலில் மகனைத் தேடும் மூதாட்டியின் உவகை எத்தகைய நெருக்கடியிலிருந்து பிறந்தது என்று கேட்க வேண்டியுள்ளது. அந்த உவகையைப் பொதுவிதியாக்கி, எல்லாத் தாயரிடமும் அதனை எதிர்பார்ப்பது பாடலுக்குச் செய்யும் அநீதி. காஞ்சித்திணையின் அழுகைத் துறைகள் அனைத்தையும் அது மறக்கச் செய்கிறது.

2. கல்லும் பெயரும் நிலமும்

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் கூறும் ஆறு படிநிலைகள் துயரைச் செயல்களாகப் பிரிக்கின்றன. கல்லைத் தேடுவதற்கும் கொண்டுவருவதற்கும் நீராட்டுவதற்கும் நடுவதற்கும் பலர் வேண்டும், நாட்களும் வேண்டும். துயருற்றோர்க்குச் செய்வதற்கு ஏதேனும் ஒன்று தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றோடு இற்கொண்டு புகுதலையும் ஒரு துறையாக்குகிறது. கல்லை நட்டுவிட்டு அகலாமல் அதற்கு உறையுள் எடுத்துப் பேணும் நிலை அது. சிலப்பதிகார வஞ்சிக்காண்டம் காட்சிக்காதை, கால்கோட்காதை, நீர்ப்படைக்காதை, நடுகற்காதை, வாழ்த்துக்காதை எனத் தன் காதைகளுக்கு இப்பெயர்களையே இட்டிருப்பது இம்மரபின் வலிமையைக் காட்டும்.

உறையூர் இளம்பொன்வாணிகனார் பாட்டு (புறம். 264) நிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டாயிற்று என்று கூறி, அவன் இறந்தது அறியாமல் பாணர் சுற்றம் இன்றும் வருமோ என்று வினவி முடிகிறது. செய்தி எட்டாதவர்களையும் துயர் வட்டத்துள் சேர்த்துக்கொள்ளும் வினா அது.

உத்திரமேரூருக்கு மேற்கே திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் பல்லவர்கால நடுகற்கள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. இரா. நாகசாமியின் பதிப்பில் 1972இல் அவை நூலாக வெளிவந்தன. எடுத்தனூர்க் கல் மாண்ட வீரனோடு அவன் நாயையும் பொறித்து, கோவிவன் என்னும் அதன் பெயரையும் தருகிறது. வீரனுடன் களத்தில் நின்ற ஒவ்வோர் உயிரும் பெயரோடு நினைக்கப்பட வேண்டும் என்னும் உணர்வை இக்கல் உணர்த்துகிறது. இதனோடு இரு பிற்கால நினைவுச் சின்னங்களை ஒப்பிடலாம். காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கும்பினிப் படைக்கும் மைசூர்ப் படைக்கும் இடையே 1780, 1781 ஆகிய ஆண்டுகளில் போர்கள் நிகழ்ந்தன. அங்குள்ள நினைவுத் தூண்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்கானவை. அப்போர்களில் மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. முதல் உலகப்போருக்குப் பின் சென்னை மாகாணத்துச் சிற்றூர்கள் பலவற்றில் பதிக்கப்பட்ட பலகைகள், அவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் தொகையையும் மாண்டோர் தொகையையும் மட்டும் கூறுகின்றன. எண்ணிக்கை அரசின் கணக்குக்குப் போதும். அழுவோர்க்குப் பெயர் வேண்டும்.

நடுகல் மரபு பொருளுதவியையும் துயர்ச்சடங்கிலிருந்து பிரிக்கவில்லை. மாண்டவர் குடும்பத்திற்கு விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று வழங்குகிறது. இரண்டு பெயர்களுமே குருதியைச் சுட்டுவன. நிலத்தை உழும்போதெல்லாம் அது எதற்காகக் கிடைத்தது என்பதை ஊரும் குடும்பமும் நினைவுகூரும் வகையில் அப்பெயர் அமைந்தது.

3. உடன் மடியாத தோழன்

உடன்போர் புரிந்து உயிர் தப்பியவனின் துயருக்குச் சோழர் வரலாற்றில் ஓர் அரிய சான்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்குரிய பராந்தகனின் மகன் இராசாதித்தன் கி.பி. 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே மாண்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு பொறித்த திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்று, அங்கு மடத்தலைவராக இருந்த சதுரானன பண்டிதரின் முன்வாழ்வைக் கூறுகிறது. அவர் கேரளத்தைச் சேர்ந்தவர், இராசாதித்தனுக்கு நெருங்கியவர். தலைவன் மாண்ட போரில் தாமும் உடன் மடிய இயலாமற் போனதால் உலகியலை வெறுத்து, கங்கையாடி, திருவொற்றியூரில் துறவு பூண்டார். திருமுனைப்பாடிக் கிராமம் என்னும் ஊரில் கற்றளி எடுத்த படைத்தலைவன் வெள்ளன்குமரனே இவர் என்பது அறிஞர் கருத்து.

இச்செய்தி பக்தி வரலாறாகவும் மடங்களின் வரலாறாகவும் எடுத்தாளப்படுகிறது. இதனைக் கையறுநிலையாகவும் படிக்கலாம். தான் மட்டும் பிழைத்ததைக் குற்றமாக உணரும் மனநிலை இக்காலப் படைவீரர் பற்றிய உளவியல் ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு அதனை ஒளிவின்றிப் பதிவுசெய்துள்ளது. அத்துயர்க்குக் கிடைத்த வடிகால் உலகை விட்டு நீங்குதல். இராசாதித்தனின் உறவினரோடு சேர்ந்து அழுதற்கு இடமிருந்ததாக அக்கல்வெட்டு கூறவில்லை. தோழனின் துயர் தனித்துப் போனால் எத்திசையில் செல்லும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

4. படுகளம்

மேற்கூறிய மூன்று துயர்களும் ஒரே இடத்தில் கூடும் நிகழ்வாகப் பாரத விழா அமைகிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை ஒட்டிக் கதை சொல்ல, இரவில் கூத்து நிகழ்கிறது. அர்ச்சுனன் தபசு, மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என இரவுகள் செல்லச் செல்லக் கதை சாவை நோக்கி நகர்கிறது. விராட பருவத்து நிரைகவர்தல் மாடுபிடி சண்டையாக ஆடப்படுவது வெட்சி, கரந்தைத் திணைகளை நினைவூட்டும். பதினெட்டாம் போரோடு கூத்து மேடையை விட்டு இறங்கி, காலை வெளிச்சத்தில் படுகளத்திற்கு வருகிறது. வீமனும் துரியோதனனும் மண்ணுருவைச் சுற்றியும் அதன்மீது ஏறியும் போரிட்டு, தொடை பிளக்கப்பட்டுச் செந்நீர் வழிந்தபின் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. மாலையில் தீமிதி நிகழும்.

இந்நிகழ்வில் கருதத்தக்கது ஒப்பாரியின் இடம். வெற்றி பாண்டவருடையது, விழாவும் திரௌபதிக்குரியது. ஆயினும் அழப்படுபவன் துரியோதனன். காந்தாரியாகவும் அவன் மனைவியாகவும் அரற்றும் குரல்கள், அவ்வூரில் இழவு வீட்டில் கேட்கும் அதே ஒப்பாரி மெட்டில் எழுகின்றன. பல நாட்களாக அவனை வெறுத்துவந்த பார்வையாளர் அவ்வழுகையைக் கேட்டு நிற்கின்றனர். இருபெருவேந்தரும் களத்தில் வீழ்ந்தபோது கழாத்தலையாரும் பரணரும் இருவர்க்குமாகப் பாடிய பாடல்களில் (புறம். 62, 63) காணும் மனநிலை இது. சில ஊர்களில் களத்தில் மாண்டவராகக் கிடப்போரைத் திரௌபதி எழுப்பும் சடங்கும் உண்டு. சாவுக்குப் பின்னரே எழுச்சியும் தீமிதியும் வருகின்றன. அழுது முடிக்காமல் விழா நிறைவு பெறுவதில்லை.

5. கர்ண மோட்சம்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் கர்ண மோட்சம் விழாவில் மட்டுமன்றிச் சாவுச்சடங்கை ஒட்டிய இரவிலும் ஆடப்படுகிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கிவரும் கட்டைக்கூத்துச் சங்கத்தைச் சார்ந்த கலைஞர்களுக்கும், செய்யாற்றை அடுத்த புரிசையின் தெருக்கூத்து மரபினர்க்கும் இது நன்கு அறிமுகமான கூத்து. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் இந்நாடகத்தை டி புரூயின் மொழிபெயர்த்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழி 1998இல் வெளியிட்டார். முதுமையாலோ நோயாலோ வயல் விபத்தாலோ இறந்த ஒருவருக்காக, போரில் மாண்ட வீரனின் கதை ஆடப்படுகிறது. இறந்தவர் கர்ணனோடு ஒப்பவைத்து வழியனுப்பப்படுகிறார். போர்ச்சாவின் மொழி இங்குப் பொதுத் துயரின் மொழியாகியுள்ளது.

கதையமைப்பில் மூன்று துயர்கள் உள்ளன. முதலாவது மனைவி பொன்னுருவியினது. தேரோட்டி மகன் என்று கணவனை இகழ்ந்திருந்தவள் அவன் பிறப்பை அறிந்து மனம் மாறும் தறுவாயில் அவனைப் போருக்கு விடைகொடுத்து அனுப்ப நேர்கிறது. சொல்லாமற் போன அன்பும் சொல்லிவிட்ட கடுஞ்சொல்லும் அவள் துயரைக் கனமாக்குகின்றன. இரண்டாவது குந்தியினது. ஊரறியாமல் மறைத்த தாய்மையை மகன் பிணமான பின்னரே அவள் வாய்விட்டுக் கூற முடிகிறது. மூன்றாவது பாண்டவரது. கொன்ற பின்னரே கொல்லப்பட்டவன் தமையன் என்று தெரிகிறது. வீரம் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத குற்றவுணர்வு, மறைப்பு, தாமதம் ஆகியவை இங்குப் பலர் முன்னிலையில் பேசப்படுகின்றன. படைவீரர் குடும்பங்களில் பேசப்படாமல் கிடப்பவையும் பெரும்பாலும் இவையே.

இவ்விடத்தில் கிரேக்க ஒப்பீடு பயன்தரும். க. கைலாசபதி 1968இல் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டபோது, வாய்மொழி மரபும் வீரயுகச் சமூக அமைப்பும் அவர் கவனத்தைப் பெற்றன. அமெரிக்க உளமருத்துவர் ஜோனதன் ஷே 1994இல் வெளியிட்ட நூலில் இலியட் காவியத்தை வியட்நாம் போர்வீரர் அனுபவத்தோடு வைத்துப் படித்தார். இலியடில் தோழர்கள் கூடி அழுகின்றனர், இறந்தோரை அடக்கம் செய்யப் போர் நிறுத்தப்படுகிறது. வியட்நாமில் அவ்வாறு அழ இடமின்றிப் போனது வீரரின் மனத்தைச் சிதைத்தது என்பது அவர் முடிவு. பிரயன் டோரிஸ் 2008 முதல் சோஃபக்ளிஸின் அஜாக்ஸ் முதலிய நாடகங்களைப் படைவீரர், அவர்தம் குடும்பத்தினர் முன் வாசிக்கச் செய்து, தொடர்ந்து அவையினரைப் பேசச் செய்து வருகிறார். வீரரும் மனைவியரும் ஒரே அவையில் அமர்ந்து, வேறொருவர் கதையின் வழியாகத் தம் கதையைப் பேசுகின்றனர். அங்கு முயன்று உருவாக்க வேண்டியிருந்த அவை, வடதமிழக ஊர்களில் கோயில் முற்றத்தில் ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கிறது. கூத்து முடிந்தபின் பேச்சுக்கு அங்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பது வேறுபாடு.

6. இன்றைய வீரச்சாவு

1999 கார்கில் போருக்கு முன்னர், போர்முனையில் மாண்டோர் உடல் பெரும்பாலும் களத்திற்கு அருகிலேயே எரியூட்டப்பட்டது. ஊருக்கு வந்தவை தந்தியும் உடைமைகளுமே. கார்கில் போரின்போது உடல்கள் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. பட்டாலிக் பகுதியில் மாண்ட மேஜர் சரவணன் திருச்சிராப்பள்ளிக்கும், 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட ஹவில்தார் பழனி இராமநாதபுரம் மாவட்டத்துத் தம் ஊருக்கும் இவ்வாறு திரும்பினர். ஊருக்கு உடல் கிடைப்பது பெரிய மாற்றம். பூசல் மயக்கத்திற்கு மீண்டும் இடம் கிடைத்தது.

ஆனால் அச்சடங்கின் அமைப்பு பாசறையையும் மனையையும் இணைப்பதில்லை. தேசியக்கொடி போர்த்திய பெட்டி வருகிறது, அமைச்சரும் ஆட்சியரும் மலர்வளையம் வைக்கின்றனர், குண்டுகள் முழங்குகின்றன, மடித்த கொடி மனைவியிடமோ பெற்றோரிடமோ தரப்படுகிறது, நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. தொல்காப்பியத்தின் ஆறு படிநிலைகளோடு ஒப்பிட்டால் பெரும்படையும் வாழ்த்தலும் ஒரே பகலில் முடிந்துவிடுகின்றன. ஊரார் கைகளால் செய்ய வேண்டிய முந்தைய செயல்கள் இல்லை. உடன் வந்த வீரர் சிலர் மறுநாளே பணிக்குத் திரும்ப வேண்டும். மாண்டவரின் இறுதி நேரத்தை அறிந்தவர்கள் அவர்கள். அவர் சிறுவயதை அறிந்தவர்கள் ஊரார். இருசாராரும் உட்கார்ந்து பேசுவதற்குக் கருமாதிவரை கூட நேரம் கிடைப்பதில்லை. படைப்பிரிவு தன் நினைவுச்சின்னத்தின் முன் தனக்குரிய நாளில் அஞ்சலி செலுத்துகிறது, குடும்பம் திதி நாளில் வீட்டில் படையல் இடுகிறது. நெடுநல்வாடை காட்டிய இரு விழிப்புகள் மீண்டும் தனித்தனியாகின்றன.

கணவனை இழந்தவரை இராணுவ வட்டாரம் வீர் நாரி என்று அழைக்கிறது. மதிப்புக்குரிய பெயர்தான். எனினும் புறம். 278இன் தாயிடம் எதிர்பார்க்கப்பட்ட உவகையை ஒத்த ஒரு கட்டளையும் அப்பெயரில் மறைந்துள்ளது. ஒளிப்படக் கருவிகளுக்கு முன் கலங்காமல் நிற்பவரே செய்தியாகிறார். படுகளத்தில் அரற்றும் காந்தாரியை எவரும் கோழை என்பதில்லை.

7. மரபின் குறைகள்

புறமரபையும் கூத்தையும் அவ்வாறே மீட்டெடுத்தால் போதும் என்று முடிவுசெய்தல் தவறாகும். தாபதநிலை கைம்பெண்ணைத் துயரில் தனிமைப்படுத்தியது. நெய்யில்லாத உணவு, பருக்கைக் கற்படுக்கை ஆகிய கைம்மை நோன்பைவிட ஈமத்தீயே மேல் என்று பெருங்கோப்பெண்டு கூறுவது (புறம். 246) அத்தனிமையின்மீது வைக்கப்பட்ட கண்டனமாகவும் ஒலிக்கிறது. ஊர் கூடி அழுதபின் அவளை மட்டும் விலக்கி வைத்த மரபு, துயரைப் பகிர்ந்ததாகக் கூறிக்கொள்ள முடியாது. மங்கலச் சடங்குகளில் கைம்பெண்ணை ஒதுக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை.

இரண்டாவது குறை சாதி. ஊர்ப்பொது எனப்படும் விழாவில் ஊரார் அனைவரும் சேர்வதில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதியினர் நுழைவதை எதிர்த்து எழுந்த மோதலால் 2023 ஜூனில் அக்கோயில் மூடி முத்திரையிடப்பட்டது. கோயிலுக்குள் விடப்படாத தெருவிலிருந்தும் இளைஞர் படைக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் மாண்டு வந்தால் அவருக்காக அழும் ஊர் எது என்னும் வினாவுக்குப் படுகளம் விடை தந்தாக வேண்டும். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டும் நிலம், சொந்த மனை, கல்வி, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது ஆகிய தகுதிகளைக் கூறியே பெயர்களைக் குடத்தில் இட்டது. கூடும் அவை எதுவாயினும் அதன் வாயிலில் யார் நிறுத்தப்பட்டார் என்பதையும் ஆய்வு கேட்க வேண்டும்.

மூன்றாவது, துயரை யார் உடைமையாக்குகிறார் என்பது. ஈழத்தில் 1989 முதல் நவம்பர் 27 மாவீரர் நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. துயிலும் இல்லங்களில் குறித்த மாலைநேரத்தில் பெற்றோரும் போராளிகளும் ஒன்றாகச் சுடரேற்றினர். பாசறையும் மனையும் ஒரே இடத்தில் நின்ற அண்மைக்காலத் தமிழ் நிகழ்வு அது. அதே வேளையில் அவ்வழுகை அடுத்த போருக்கான வஞ்சினமாகவும் திருப்பப்பட்டது. கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோரின் பெற்றோர்க்கு வேறுவகையில் அழ இடம் இருக்கவில்லை. போருக்குப் பின் இலங்கை இராணுவம் துயிலும் இல்லங்களை இடித்ததும், கோப்பாயில் அந்நிலத்தின்மீதே படைமுகாம் அமைத்ததும் துயர் கொள்ளும் உரிமையையே பறித்த செயல்கள். இதன் மறுபக்கமாக, இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் சென்னை திரும்பியபோது தமிழக முதல்வர் வரவேற்கச் செல்லவில்லை. இலங்கைத் தமிழர்க்கு எதிராகப் போரிட்ட படை என்பது அன்றைய அரசியல் உணர்வு. அப்படையில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அவர்தம் குடும்பங்களின் துயருக்குத் தமிழ்ப் பொதுவெளியில் சொல் கிடைக்கவில்லை. போரின் நியாயத்தை மறுப்பதும் மாண்டவனுக்கு அழுவதும் ஒருங்கே இயலும் என்பதைத் துரியோதனன் ஒப்பாரி ஆண்டுதோறும் காட்டிவருகிறது. அரசியல் பேச்சு அதனைக் கற்றுக்கொள்ளவில்லை.

முடிவுரை

போர்ச்சாவின் துயரைத் தமிழ் மரபு உறவினர், தோழர், ஊரார் ஆகிய மூவர்க்கும் பங்கிட்டுக் கொடுத்தது. பல நாட்கள் நீளும் செயல்களாகவும், பெயர் பொறித்த கல்லாகவும், குருதியின் பெயர் தாங்கிய நிலமாகவும் அதனை நிலைநிறுத்தியது. பாரதக் கூத்து அதனை எதிரிக்கும் விரித்து, குற்றவுணர்வையும் பேசுபொருளாக்கியது. கைம்பெண்ணையும் ஒடுக்கப்பட்டோரையும் விலக்கியது இம்மரபின் பெருங்குறை.

இம்முடிவுகளிலிருந்து இரு செயல்கள் தோன்றுகின்றன. முதலாவது வகுப்பறை சார்ந்தது. மறக்குடித் தாயர் பாடல்களைக் கற்பிக்கும்போது 235, 255, 281ஆம் பாடல்களையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும். படைவீரர் வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு அழுகையும் புறத்திணைக்குரியதே என்பது தெரிய வேண்டும். இரண்டாவது ஊர் சார்ந்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் கூத்துக் குழுக்களும் இணைந்து, மாண்டவரின் முதலாண்டு நினைவு நாளில் அவருடன் பணியாற்றியோரை ஊருக்கு அழைத்து, கர்ண மோட்சம் ஆடச் செய்து, மறுநாட் காலையில் குடும்பத்தாரும் தோழரும் பேசுவதற்கு அவை அமைக்கலாம். எந்தத் தெருவினரும் அமரத்தக்க பள்ளி மைதானம் போன்ற பொதுவெளியில் அது நிகழ வேண்டும், மாண்டவரின் மனைவி முன்வரிசையில் இருக்க வேண்டும். இதற்குத் தேவையான கலைஞர்களும் கதையும் ஒப்பாரி மெட்டும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களில் ஏற்கெனவே உள்ளன.